பதினாறாவது கடை

ஐதராபாத்
8.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ராதிகா எழுதுவது. நான் இங்கே நலம். உங்கள் முழங்கை வலி எப்படி இருக்கிறது? அண்ணிக்கு இருமல் நின்றதா? போனில் பேசினால் நீங்கள் பாறை மேல் ஏறி நிற்க வேண்டும், பாதியில் அறுந்தும் போகும். நான் வரைந்த படமும் காகிதத்தில்தான் வந்து சேர வேண்டும். அதனால்தான் கடிதம்.

போன வருடம் ஆடிச் சந்தையில் பார்த்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. ரோட்டோரம் முன்வரிசை முழுக்கக் கீழேயிருந்து வந்தவர்களின் பிளாஸ்டிக் சாமான்கள். நம் மலையில் விளைந்த சாமையும் தினையும் மிளகும் பின்வரிசையில், ஒழுகும் தார்ப்பாய்க்கு அடியில். அண்ணி நனைந்த தினைமாவை மூட்டையோடு வீட்டுக்குத் தூக்கி வந்தார். பந்தல்காரரிடம் கேட்டதற்கு, "பொறத்தால உக்காந்தா அப்படித்தான் இருக்கும்" என்றாராம். கட்டடம் வரைவதைப் படித்துவிட்டு நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

இந்த ஆடிக்கு நம் பெண்களுக்குப் பந்தலை நாமே போடுவோம். இங்கே பழைய ஊரில் ஒரு கடைத்தெரு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் உட்கார்ந்து வரைகிறேன். வளையல் கடை, அத்தர் கடை, பூட்டு ரிப்பேர் எல்லாம் ஒரே அளவு. பெரிய வியாபாரி, சின்ன வியாபாரி என்று முகப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்து மசூதியின் மரச் சன்னல்களில் எட்டு முனை நட்சத்திரப் பின்னல். அதைப் பார்த்துத்தான் எனக்கு இது தோன்றியது.

ஒரு சதுரம் போடுங்கள். அதே அளவில் இன்னொரு சதுரத்தை அரைக்கால் சுற்றுத் திருப்பி அதன்மேல் வையுங்கள். எட்டு முனை வரும். முனைக்கு இரண்டு பக்கம், ஆக மொத்தம் பதினாறு பக்கம், எல்லாம் ஒரே நீளம். பக்கத்துக்கு ஒரு கடை. நடுவில் முற்றம். முன்வரிசை என்றும் பின்வரிசை என்றும் ஒன்று கிடையவே கிடையாது.

நம் காட்டில் இருக்கும் சில்வர் ஓக் மரமே போதும். ஏழடிக்கு மேல் ஒரு சட்டமும் வேண்டாம். ஒரு கட்டை இன்னொன்றின் தோளில் சாய்ந்து நிற்கும்படி வரைந்திருக்கிறேன். இரண்டு பெண்கள் தூக்கி மாட்டிவிடலாம், சந்தை முடிந்ததும் கழற்றி அடுக்கிவிடலாம். படம் இத்துடன். பார்த்து எழுதுங்கள்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
ராதிகா


குண்டனி நாடு
27.2.2025

அன்புத் தங்கை ராதிகாவுக்கு,

கருப்பண்ணன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். முழங்கை வலி அப்படியேதான் இருக்கிறது. உன் அண்ணிக்கு இருமல் நின்றுவிட்டது, பேச்சு நிற்கவில்லை.

படம் வந்தது. நான்கு நாள் அதைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் மூங்கில் சிம்பு சீவி, முழங்கை நீளத்தில் ஒரு மாதிரி செய்து பார்த்தேன். நிற்கிறது. ஆனால் கண்ணு, மலை மழை உன் காகிதத்தின் மேல் பெய்யவில்லை. நீ போட்டிருக்கும் கூரையில் தண்ணீர் எல்லாம் நடுவில் வந்து சேரும். மதியத்துக்குள் முற்றம் குட்டை ஆகிவிடும். உள்பக்கக் கால்களை ஒன்றரை அடி உயர்த்தினால் வாட்டம் வெளிப்பக்கம் போகும். அப்படிச் செய்தால் நட்சத்திரம் கெடுமா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. பச்சை மரம் முறுக்கிக்கொள்ளும். இப்போதே வெட்டி நிழலில் போட்டால்தான் ஆடிக்குக் காயும். இரும்பு ஆணி வேண்டாம், மர ஆணி அடித்துக்கொள்கிறேன்.

சேந்தமங்கலத்துத் தனபால் அண்ணன் வந்திருந்தார். ஆடிச் சந்தைக்கு வருடா வருடம் பந்தல் போடுகிறவர், உனக்குத் தெரியுமே. அவர் வேலைக்கு நானும் போவதுண்டு. மூங்கில் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்,
கருப்பண்ணன்


ஐதராபாத்
12.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமே நாடுகிறேன். நீங்கள் சொன்னது சரி. உள்கால்களை உயர்த்தி மறுபடி வரைந்து அனுப்பியிருக்கிறேன். நட்சத்திரம் கெடவில்லை. இன்னும் நன்றாக நிற்கிறது. கூரைச் சட்டங்களுக்கு மேல் வெளிச்சம் கசியும் வெள்ளைப் பாய் போட்டால், வெயில் வரும்போது பின்னலின் நிழல் தரையில் விழும்.

தரையில் வரைய ஒரு முளையும் ஒரு கயிறும் போதும். எப்படி என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அண்ணியிடம் கொடுங்கள், உங்களைவிட அவர் சீக்கிரம் பிடித்துக்கொள்வார். சதுரத்தின் பக்கம் முப்பத்து நான்கடி. கடைக்குப் பத்தடி கிடைக்கும்.

பதினாறு கடை யார் யாருக்கு என்று அண்ணி பெயர் எழுதி அனுப்பட்டும். படத்திலேயே பெயர்களைப் போட்டுவிடுகிறேன். சந்தை நடத்தும் ஆடி விழாக் குழு சம்மதித்துவிட்டதா? அதை மட்டும் உடனே எழுதுங்கள்.

ராதிகா


குண்டனி நாடு
20.4.2025

அன்புத் தங்கைக்கு,

இங்கு மழையும் சுகமும். அங்கே வெயில் எப்படி?

விழாக் குழு சம்மதித்துவிட்டது. படத்தைக் காட்டி விளக்கிச் சொன்னேன், தலையாட்டினார்கள். மரம் வெட்டி, அறுத்து, கொட்டகையில் அடுக்கிவிட்டேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு சட்டம். ஒவ்வொன்றிலும் உன் படத்தின் எண்ணை எழுதியிருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை உன் அண்ணியும் அவளுடைய மகளிர் குழுப் பெண்களும் களத்தில் முளை அடித்துக் கயிறு பிடித்து உன் நட்சத்திரத்தைச் சுண்ணாம்பில் போட்டார்கள். முதல் தடவை ஒரு முனை கோணிவிட்டது. உன் அண்ணி யாரையும் திட்டாமல் அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அவள் திட்டாமல் ஒரு வேலை செய்து நான் பார்த்தது அன்றுதான்.

பதினைந்து கடை மலை மகளிர் குழுக்களுக்கு. பதினாறாவதை இரும்புக்கார ஜப்பார் பாய்க்குக் கொடுக்க வேண்டும் என்கிறாள். இருபது வருடமாக அவர் சேந்தமங்கலத்திலிருந்து அரிவாள், களைக்கொத்து கொண்டுவந்து சந்தையில் தரையில் சாக்கு விரித்து விற்கிறார். அவர் வராவிட்டால் ஒரு அரிவாளுக்கு மலை இறங்க வேண்டும். பட்டியல் இத்துடன்.

சிலர் ஏதேதோ பேசுகிறார்கள். ஒரு வேலை என்றால் நாலு பேச்சு இருக்கத்தான் செய்யும். நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

கருப்பண்ணன்


ஐதராபாத்
3.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். பதினாறு பெயரும் போட்ட படம் இத்துடன்.

சிலர் என்றால் யார்? என்ன பேசுகிறார்கள்? நீங்கள் இரண்டு வரியில் கடந்துபோகிற விஷயம்தான் எப்போதும் பெரிய விஷயமாக இருக்கும். அப்பா இறந்ததைக் கூட "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வந்துவிட்டுப் போ" என்றுதான் சொன்னீர்கள். ஒளிக்காமல் எழுதுங்கள்.

ராதிகா


குண்டனி நாடு
15.6.2025

அன்புத் தங்கைக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். இங்கு எல்லோரும் சுகம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்த நட்சத்திரம் எட்டிதழ்த் தாமரைக் கோலம்தானே? வாசலில் போடுகிற கோலம்தானே? அதைப் பார்த்துத்தான் வரைந்தேன் என்று ஒரு தாளில் நான்கு வரி எழுதி, உன் படிப்பையும் போட்டுக் கையெழுத்திட்டு அனுப்பு. விழாக் குழுவில் காட்ட வேண்டும். வேறொன்றும் இல்லை, ஒரு நடைமுறைதான். பத்து நாளுக்குள் வந்தால் நல்லது.

மழைக்காலம், காய்ச்சிய தண்ணீரையே குடி.

கருப்பண்ணன்


ஐதராபாத்
22.6.2025

அண்ணனுக்கு,

நாற்பத்து மூன்று நாள் கழித்துக் கடிதம் போட்டுவிட்டு, வேறொன்றும் இல்லை என்கிறீர்கள். பொய் எழுத உங்களுக்கு வரவில்லை. கையெழுத்தே கோணிப் போயிருக்கிறது.

பந்தலுக்கு மரம் தாங்குமா என்று எந்த விழாக் குழுவும் கேட்கும். மழை ஒழுகுமா என்று கேட்கும். இது கோலமா என்று எவன் கேட்பான்? அப்படிக் கேட்டால், கோலமாக இல்லாவிட்டால் வேறு எதுவாக இருக்கும் என்று அவர்கள் பயப்படுகிறார்கள்? அதை நீங்கள் எழுதவில்லை. எனக்குப் புரியாது என்று நினைத்தீர்களா?

எட்டு முனை கோலத்திலும் வரும், நான் மறுக்கவில்லை. நான் கோலத்தைப் பார்த்து வரைந்திருந்தால் கோலம் என்று சொல்லியிருப்பேன். நான் எடுத்தது கடைத்தெருவிலிருந்தும் மசூதிச் சன்னலிலிருந்தும். இரவல் வாங்கிய பாத்திரத்தை யார் வீட்டுடையது என்று கேட்டால், கொடுத்தவர்கள் பெயரைச் சொல்லத்தான் வேண்டும். என்னுடையது என்று சொன்னால் அதற்குப் பெயர் வேறு.

கையெழுத்துப் போட மாட்டேன். நடந்தது என்ன என்று எழுதுங்கள்.

ராதிகா


குண்டனி நாடு
1.7.2025

ராதிகாக் கண்ணுக்கு,

உன் அண்ணி சென்னம்மாள் எழுதிக்கொள்வது. நீ சுகமா? எனக்கு உடம்பு சுகம், மனசு கொதிக்கிறது. உன் கடிதத்தை உன் அண்ணன் படித்துவிட்டு அலமாரிக்கு மேல் வைத்துவிட்டார். எடுத்துப் படித்தேன். அவர் எழுத மாட்டார். நான் எழுதுகிறேன்.

வைகாசியில் விழாக் குழு இரண்டாம் முறை கூடியது. மகளிர் குழுத் தலைவி என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தனபால் எழுந்து உன் படத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன பந்தலுங்க? பள்ளிவாசலாட்ட இருக்குது. நம்ம சாமி விழாவுக்கு இதையா நிறுத்தறது?"

நான் எழுந்தேன். "ஏனுங்க, போன மாசம் இதே படத்தப் பாத்துத் தலையாட்டுனீங்களே. அப்ப இது என்னவா இருந்துச்சு?" என்றேன்.

"அப்ப கோலம்னு சொல்லிப்போட்டாரு உங்கூட்டுக்காரரு. இப்பத்தான் விசயம் தெரியுது. பதினாறாவது பேரப் பாருங்க. கடைய யாருக்குக் குடுத்திருக்குதுன்னு பாருங்க."

கண்ணு, அந்த ஆளுக்குச் சாமியும் இல்லை, பள்ளிவாசலும் இல்லை. முன்வரிசைக் கடைகளை இத்தனை வருடமாகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது அவர்தான். உன் படத்தில் முன்வரிசையே இல்லை. அதுதான் அவருக்கு நெஞ்சில் குத்தியது. அதை வெளியே சொல்ல முடியாது, இதைச் சொல்லலாம்.

பிறகு எல்லோரும் உன் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் எழுந்து, "எனக்கு இது என்னன்னு தெரியாதுங்க. தங்கச்சி அனுப்புச்சு, நான் மரம் அறுத்தேன், அவ்வளவுதானுங்க" என்றார். யாரோ பேனாவை நீட்டினார்கள். அவர் கையாலேயே பதினாறாவது பெயரை அடித்தார். யாரும் அடிக்கச் சொல்லவில்லை. பேனாவைத்தான் நீட்டினார்கள்.

அதோடும் விடவில்லை. இது கோலம்தான் என்று நீ எழுதிக் கொடுத்தால் யோசிக்கலாம் என்றார்கள். அதற்குத்தான் உனக்கு அந்தக் கடிதம்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எனக்கு அது கோலமாக இருந்தாலும் ஒன்றுதான், சன்னலாக இருந்தாலும் ஒன்றுதான். மாவு நனையக் கூடாது. நீ கையெழுத்துப் போட்டிருந்தால் நான் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் ஜப்பார் பாய் பெயரை அடித்ததை என்னால் விழுங்க முடியவில்லை. அன்றையிலிருந்து நான் உன் அண்ணனுக்குச் சோறு மட்டும் போடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், சாமி.

அண்ணி,
சென்னம்மாள்


ஐதராபாத்
9.7.2025

அண்ணனுக்கு,

அண்ணி எழுதிவிட்டார்.

தெரியாது என்றீர்களாம். கால் உயரத்தைத் திருத்தியவர் நீங்கள். இருநூற்றுப் பன்னிரண்டு சட்டத்தில் எண் போட்டவர் நீங்கள். படத்தில் என் பெயரும் ஒரு மூலையில் இருக்கிறது. அதையும் அடித்துவிடுங்கள். அடிக்கத்தான் தெரிகிறதே.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

ராதிகா


குண்டனி நாடு
20.7.2025

ராதிகாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். படிப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

அடித்தது என் கைதான். அதை மறைத்ததும் நான்தான். இன்னொன்றும் இருக்கிறது, அது உன் அண்ணிக்கு முழுதாகத் தெரியாது. முதல் கூட்டத்திலேயே நான் தாமரைக் கோலம் என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன். உன் கடிதத்தில் மசூதி என்று ஒரு சொல் இருந்தது. அந்தப் பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மற்றதைப் படித்துக் காட்டினேன். தனபால் பிடித்தது அந்த இடத்தில்தான். நான் முதலிலேயே மறைக்காமல் இருந்திருந்தால் அவர் பிடிப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

இப்போது என் கோபத்தையும் கேள். தை முதல் வைகாசி வரை கல்யாணம், காதுகுத்து, கோயில் விழா என்று நான் தனபால் அண்ணனின் பந்தல் வேலைக்குத்தான் போகிறேன். போவதுண்டு என்று உனக்கு எழுதினேன். போவதுண்டு இல்லை, அதுதான் பிழைப்பு. என்னோடு மலையிலிருந்து பதினொரு பேர் வருகிறார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் பன்னிரண்டு வீட்டில் உலை யோசித்துக் கொதிக்கும். நீ ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரைந்தாய். திங்கட்கிழமை காலையில் அவர் முகத்தில் விழிக்கிறவன் நான். உண்மை பேசுவது உனக்குச் சுலபம் ராதிகா. பேசிவிட்டு பஸ் ஏறிவிடலாம். அந்தக் கூட்டத்தில் நீ நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது.

நேற்று தனபால் அண்ணன் வந்தார். கொட்டகைக்குள் நேராகப் போய் என் சட்டங்களைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"கருப்பண்ணா, இது வீணாத்தானே கெடக்குது. நம்ம பந்தலுக்குக் குறுக்குக் கம்பாப் போட்டுக்கலாம். லாரி அனுப்பறேன், ஏத்தி உட்டுரு."

ஒவ்வொன்றையும் இழைத்து, ஒன்றோடொன்று மாட்டக் கழுந்து செதுக்கி, துளை போட்டு, ஆணி பார்த்து வைத்திருக்கிறேன். அதைக் குறுக்குக் கம்பு என்றார். "லாரி வேண்டாமுங்க, மரம் என்னுதுங்க" என்றேன். அவரிடம் நான் இல்லை என்று சொன்னது பதினான்கு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

விழாத் திடல் அவர்களுடையது, உன் தாள் வராததால் அங்கே இடம் இல்லை என்றுவிட்டார்கள். ரோட்டு வளைவில் மரவள்ளி பிடுங்கிய காடு என்னுடையது. திடலுக்குப் போகிற பஸ் எல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே நிறுத்தப் போகிறேன். உனக்காக இல்லை. கோபத்தில் செய்கிறேன்.

கருப்பண்ணன்


குண்டனி நாடு
14.8.2025

தங்கை ராதிகாவுக்கு,

நீ பதில் போடவில்லை. நடந்தது உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நடமாடுகிறோம்.

ஜூலை முப்பத்தொன்றாம் தேதி காலையில் ஆரம்பித்தோம். என்னோடு பந்தல் வேலைக்கு வருகிற பதினொரு பேரில் மூன்று பேர்தான் வந்தார்கள். மிச்சம் எல்லாம் பெண்கள். காட்டு மண்ணை மட்டமாக்கிச் சென்னம்மாள் முளை அடித்தாள். மறுநாள் மதியம் கடைசிச் சட்டத்தை மாட்டியபோது, அதுவரை ஆடிக்கொண்டிருந்தது எல்லாம் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. நான் மேலே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் இறங்கவில்லை.

சந்தை மூன்று நாளும் மழை. திடலில் தார்ப்பாய் தொப்பை போட்டுத் தொங்கியது. இங்கே ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. பஸ்ஸில் போனவர்கள் வளைவிலேயே இறங்கிவிட்டார்கள். இரண்டாம் நாள் சற்று வெயில் அடித்தது. தரையில் நிழல் விழுந்ததும் பிள்ளைகள் அதன் கோட்டை மிதிக்காமல் தாண்டித் தாண்டி விளையாடினார்கள். தினைமாவு இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது.

தனபால் அண்ணன் வந்தார். கூட நாலைந்து பேர். முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "இதுக்கு என்ன பேருங்க?" என்றார். என்னை அவர் எப்போதும் நீ என்றுதான் சொல்வார்.

"கடைவீதிங்க. ஐதராபாத்துல பாய்மாருங்க கடைவீதியையும், அவங்க பள்ளிவாசல் சன்னலையும் பாத்து எந்தங்கச்சி வரைஞ்சது. நானும் சேந்து செஞ்சேன். என்னன்னு தெரிஞ்சேதான் செஞ்சேனுங்க."

அவர் பந்தல் முழுக்க ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். மறுவாரம் கோயில் விழா வேலைக்கு வேறு ஆட்கள் போனார்கள். இனி என்னைக் கூப்பிட மாட்டார். வராமல் நின்ற எட்டுப் பேரில் நான்கு பேர் என்னைப் பார்த்தால் வேறு வழியில் போகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னால் அவர்களுக்கும் வேலை போயிற்று.

இதோடு முடித்திருந்தால் உனக்கு நல்ல கடிதமாக இருந்திருக்கும். இனிமேல்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

பதினாறாவது கடைப் பலகையில் ஜப்பார் பாய் பெயரை எழுதி, அந்தக் கடையைக் காலியாகவே வைத்திருந்தேன். மூன்று பேர் கேட்டார்கள், கொடுக்கவில்லை. அதை ஒரு பெரிய காரியமாக நினைத்துக்கொண்டேன். அவர் வரவில்லை. ஆறாம் தேதி பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது வந்தார். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி, என் எதிரில் வந்து நின்றார். வணக்கம் சொன்னேன். அவர் சொல்லவில்லை.

"கருப்பண்ணா, மூணு நாளா என் பேர எழுதி வெறும் பலகைய வெச்சிருந்தியாமே. யாரக் கேட்டு வெச்ச?"

"உங்களுக்குன்னுதானுங்க..."

"எனக்குன்னா எங்கிட்ட வந்து சொன்னியா? என் பேர அடிச்சதும் எனக்கு ஊரார் சொல்லித்தான் தெரியும். எழுதுனதும் ஊரார் சொல்லித்தான் தெரியும். போறவன் வாரவனெல்லாம் அந்தப் பலகையக் காட்டிப் பேசியிருக்கான். நான் இருவது வருசமா இந்த மலையில சாக்கு விரிச்சு வித்தவன். என்னப் பத்தி ஒரு பேச்சு கிடையாது. இப்ப நான் ஒரு பேச்சாப் போயிட்டேன். சேந்தமங்கலத்துல என் கடைக்கு வந்து ரெண்டு பேரு கேக்கறான், மலையில என்னமோ பிரச்சினையாமே பாய்னு. உங்க சண்டைக்கு நான் என்ன கொடியா?"

சென்னம்மாள் ஏதோ சொல்ல வந்தாள். "நீ இரு அம்மிணி. நீ நல்லதுக்குத்தான் சொன்ன, தெரியும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உன் தங்கச்சி பெரிய படிப்பு. அது என் பேரப் படத்துல போட்டுதே, எனக்கு ஒரு வரி போட்டுதா? அது சண்ட போட்டது அதோட படத்துக்கு. நீ சண்ட போட்டது உன்ற மரத்துக்கு. எனக்கு யாருமே ஒண்ணும் பண்ணல" என்றார்.

அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நான் ஏன் அவரைக் கூப்பிடப் போகவில்லை தெரியுமா? அவர் வீடு இருக்கிற தெருவில்தான் தனபாலின் பந்தல் கிடங்கு இருக்கிறது. அதைத் தாண்டிப் போக வேண்டும். முற்றத்தில் அத்தனை பேர் முன்னால் பேசின பிறகும் அந்தத் தெருவுக்குள் போக எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான்.

போவதற்கு முன் அவர், "என்னக் கூப்பிடறதா இருந்தா ஊட்டுக்கு வந்து கூப்பிடோணும். கல்யாணத்துக்குக் கூப்பிடறாப்பல" என்றார்.

முந்தாநாள், செவ்வாய்க்கிழமை, சென்னம்மாளும் நானும் இறங்கினோம். பெயரை அடித்த நாளிலிருந்து அவள் என்னோடு முழுசாகப் பேசியது அந்த பஸ்ஸில்தான், அதுவும் பாதி திட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், நம் காட்டு மிளகு கால் படி. தெருவில் நடந்தோம். கிடங்கு வாசலில் தனபால் உட்கார்ந்திருந்தார். தட்டைப் பார்த்தார். நான் நிற்கவில்லை.

ஜப்பார் பாய் கதவைத் திறந்தார். அடுத்த ஆடிக்குக் கடை போட வர வேண்டும் என்று சொன்னேன். பெயரை அடித்தது என் கைதான் என்றும், யாரும் சொல்லாமலேயே அடித்தேன் என்றும் சொன்னேன். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "உள்ள வாங்க" என்றார். அவர் வீட்டம்மா டீ கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை அவர் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

கிளம்பும்போது உனக்காக அவர் முகவரியைக் கேட்டேன். பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு, பெயரிலிருந்து தொடங்கி அவர் சொல்லச் சொல்ல என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்தத் தாளையே இதோடு வைத்திருக்கிறேன்.

அண்ணன்,
கருப்பண்ணன்